பேதை முதல் பேரிளம்பெண் வரை: ஸ்ரீதேவியின் திரைவாழ்வும் தொலைந்த பெதும்பைப் பருவமும்

முன்னுரை

2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ‘மாம்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது, அது நடிகை ஸ்ரீதேவியின் 300ஆவது படம் என்றும், அவர் திரையுலகிற்கு வந்து 50 ஆண்டுகள் நிறைவுற்றன என்றும் விளம்பரம் செய்யப்பட்டது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பிறந்த அவருக்கு அப்போது 54 அகவை நிறைவுறவில்லை. வேறெந்தத் தொழிலின் பணிப்பதிவேட்டிலும் இத்தகைய கணக்கைக் காணுதல் அரிது. ஐம்பத்து மூன்று வயதுடைய ஓர் ஆசிரியருக்கு ஐம்பது ஆண்டுப் பணி அனுபவம் உண்டு என்று கூறினால் நாம் அதனை எழுத்துப்பிழை என்றே கொள்வோம். ஒரு நடிகையைப் பற்றிக் கூறும்போதோ அது பாராட்டாக விளங்குகின்றது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் துபாயில் அவர் மறைந்தபொழுது எழுதப்பட்ட இரங்கலுரைகளிலும் இக்கணக்கு பெருமையுடனேயே எடுத்துரைக்கப்பட்டது.

அப்பெருமையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஸ்ரீதேவி தமிழ்த்திரை கண்ட ஆற்றல்மிக்க நடிகையருள் ஒருவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அந்த ஐம்பது ஆண்டுகளுள் முதற்பத்து ஆண்டுகள் எவ்வகைப்பட்டவை, அவை அவருடைய பிற்கால நடிப்பில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பதே நம் கருத்தாகும். பள்ளி, கல்லூரி வாழ்வைத் தாம் இழந்ததைப் பற்றி அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். அவ்வாறு இழந்த பள்ளி, அவர் ஏற்ற கதைமாந்தரின் வழியே மீண்டும் மீண்டும் திரையில் தோன்றுகின்றது. ‘16 வயதினிலே’, ‘மூன்றாம் பிறை’, ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ ஆகிய மூன்று படங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இதனை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பருவம் என்னும் அளவுகோல்

பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுப்பது தமிழ் மரபு. பேதைக்கு 5 முதல் 7 வரை, பெதும்பைக்கு 8 முதல் 11 வரை, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19 வரை, அரிவைக்கு 20 முதல் 25 வரை, தெரிவைக்கு 26 முதல் 31 வரை, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை என அகவை வரையறுக்கும் வழக்கு பரவலாக அறியப்பட்டதாகும்.

இப்பகுப்பு உலா இலக்கியத்திற்கு இன்றியமையாதது. வீதியில் உலா வரும் இறைவனையோ அரசனையோ ஏழு பருவ மகளிரும் கண்டு காமுறுவதாகப் பாடுவது அவ்விலக்கியத்தின் அமைப்பு. உலா வருபவனுக்குப் பருவ வரிசை கூறப்படுவதில்லை. காணும் மகளிருக்கே அது கூறப்படுகின்றது. இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. பேதைப் பருவத்துச் சிறுமியும் அவ்வரிசையில் நிற்கின்றாள். அவள் காமம் அறியாதவள் என்று புலவர் பாடுவர். ஆயினும் வரிசையிலிருந்து அவளை விலக்குவதில்லை. காதல் அறியாத சிறுமியையும் காதலின் கணக்கில் வைத்துப் பார்க்கும் இப்பார்வை தமிழ்த்திரைக்கு முன்பே நம் மரபில் இருந்தது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை.

அதே மரபு பெதும்பைப் பருவத்தைத் தனியே பிரித்துப் பெயரிட்டது என்பதும் கருதத்தக்கது. குழந்தையும் அல்லாத, குமரியும் அல்லாத அந்த இடைநிலைக்கு ஒரு பெயர் தேவை என அது உணர்ந்திருந்தது. ஸ்ரீதேவியின் திரைவாழ்வை அளப்பதற்கு நாம் இப்பருவப் பெயர்களைக் கையாள்வதற்குக் காரணம் இதுவே. அவர் வாழ்வில் தொலைந்துபோன காலத்தைச் சுட்ட இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

தெய்வக் குழந்தை

ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘கந்தன் கருணை’ (1967) படத்தில் சிவகுமார் முருகனாக நடித்தார். அம்முருகனின் குழந்தைப் பருவத்தை ஏற்றவர் ஸ்ரீதேவி. எம்.ஏ. திருமுகம் இயக்கிய ‘துணைவன்’ (1969) படத்திலும் அவர் பால முருகனாகவே தோன்றினார். மழலை மாறாத ஒரு பெண் குழந்தை ஆண் தெய்வமாகத் திரையில் நின்றது.

பிள்ளைத்தமிழ் பயின்றவர்க்கு இக்காட்சியின் ஈர்ப்பு எளிதில் விளங்கும். காப்பு முதலாகப் பத்துப் பருவங்களில் தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பாடுவது பிள்ளைத்தமிழ். திரைப்படம் அதனைத் தலைகீழாக்கியது; குழந்தையைத் தெய்வமாக்கிக் காட்டியது. பிள்ளைத்தமிழில் குழந்தையாக இருப்பது கவிஞனின் கற்பனை. அக்கற்பனைக்காக எந்தக் குழந்தையும் உழைப்பதில்லை. திரைப்படத்திலோ விளக்குகளின் வெப்பத்தில், ஒப்பனையுடனும் அணிகலன்களுடனும், இயக்குநர் சொல்லும் வரை அசையாது நிற்க வேண்டியது உண்மையான ஒரு குழந்தை. திரையில் தெரியும் தெய்வத்தன்மை அக்குழந்தையின் உழைப்பை மறைத்துவிடுகின்றது. தெய்வம் களைப்படைவதில்லை அன்றோ!

தொடர்ந்து எம்.ஜி.ஆரின் ‘நம் நாடு’ (1969), சிவாஜி கணேசனின் ‘பாபு’ (1971) முதலிய படங்களில் அவர் நடித்தார். ‘பூம்பாட்டா’ (1971) என்னும் மலையாளப் படத்திற்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான கேரள அரசின் விருதைப் பெற்றார். எட்டு வயதில் பெற்ற அவ்விருது அவருடைய திறமைக்குச் சான்று. பெதும்பைப் பருவத்தின் வாயிலிலேயே அவர் ஒரு தொழிற்கலைஞராக அறிந்தேற்கப்பட்டுவிட்டார் என்பதற்கும் அதுவே சான்று.

ஆண் குழந்தையும் பெண் குழந்தையும்

குழந்தை நடிகர் என்னும் நிலை தமிழகத்தில் திரைப்படத்தோடு தோன்றியதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதனையொத்த பிற பாலர் நாடகக் குழுக்களும் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தின. டி.கே. சண்முகம் அவ்வாறு வளர்ந்தவர். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் ஆகியோரும் சிறுவர் நாடகக் குழுக்களில் பயின்றவர்களே. அக்குழுக்களில் ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் வழங்கியது. பருவ வயதில் சிறுவனின் குரல் உடைவதை அது குறிக்கும். குரல் உடைந்த சிறுவன் முன்புபோல் பாட இயலாது. பெண் வேடமும் அவனுக்குப் பொருந்தாது. அவன் வேறு வேடத்திற்கு மாற வேண்டும். இல்லையேல் குழுவை விட்டு விலக வேண்டும். இயற்கை அவனுக்கு வலியுடன் ஓர் இடைவெளியை வழங்கியது.

திரைப்படத்திலும் ஆண் குழந்தைக்கு அவ்விடைவெளி நிகழ்ந்ததைக் கமல்ஹாசன் வாழ்வில் காணலாம். ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) படத்தில் அநாதை இல்லத்தில் வளரும் சிறுவனாக அறிமுகமாகிக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற அவர், 1963ஆம் ஆண்டு வரை ஆறு படங்களில் நடித்தார். அதன்பின் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் திரைக்கு அவர் தேவைப்படவில்லை. அக்காலத்தில் டி.கே.எஸ். நாடக சபாவில் சேர்ந்தார். பின்னர் நடனம் பயின்று, நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பால சபையில் வளர்ந்த சண்முகத்தின் குழுவில் ஒரு திரைக்குழந்தை மீண்டும் மாணவனானது தமிழ்க் கலை வரலாற்றின் அரிய நிகழ்வு. 1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவ்வை சண்முகி’யின் பெயர், அவ்வையார் வேடத்தால் புகழ்பெற்ற அந்த ஆசானுக்குச் செய்த மரியாதை ஆகும். கமல்ஹாசன் பிற்காலத்தில் நடிகராக மட்டுமின்றி எழுத்தாளராகவும் இயக்குநராகவும் விளங்கியமைக்கு அந்த வேலையற்ற ஆண்டுகளின் பங்கு சிறிதன்று என்பது நம் துணிபு.

ஸ்ரீதேவிக்கு அவ்விடைவெளி வாய்க்கவில்லை. 1975ஆம் ஆண்டு ‘ஜூலி’ என்னும் இந்திப் படத்தில் நாயகியின் தங்கையாக நடித்த அவர், மறு ஆண்டே கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் நாயகியானார். அப்போது அவருக்கு வயது 13. அப்படத்தில் அவர் ஏற்ற செல்வி, காதலனை நீரில் இழக்கின்றாள். அவனைக் காப்பாற்றாமல் விட்ட நண்பனின் தந்தையாகிய முதியவரை மணந்து, அந்நண்பனுக்கே சிற்றன்னையாகின்றாள். நண்பனாக நடித்த ரஜினிகாந்துக்கு அப்போது வயது 25. குழந்தை நட்சத்திரமாக இருந்தவர் ஓராண்டிற்குள் ஒரு முதியவரின் மனைவியாக, வளர்ந்த ஆணுக்குத் தாயாகத் திரையில் நிற்கின்றார்.

செல்வியின் அமைதியான உறுதி விமர்சகர்களால் பாராட்டப்பெற்றுள்ளது. அப்பாராட்டு தகுதியானதே. ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் அம்முதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவேண்டும். வாழ்ந்து பெற்ற முதிர்ச்சியாக அது இருத்தல் இயலாது. சொன்னதைச் சொன்னவாறு, சொன்ன இடத்தில், சொன்ன அளவில் செய்து முடிக்கும் பத்தாண்டுப் பயிற்சியின் விளைவே அது. திரை அதனைப் பெண்மையின் முதிர்ச்சியாக மொழிபெயர்த்துக்கொண்டது.

சுருங்கக் கூறின், பருவமாற்றம் ஆண் குழந்தையைத் தொழிலிலிருந்து வெளியேற்றுகின்றது. பெண் குழந்தையை அதே தொழிலின் மற்றொரு வாயிலுக்கு அழைத்துச் செல்கின்றது. இவ்வேறுபாட்டினை உணராமல் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது பொருந்தாது.

மயிலும் பள்ளியும்

பாரதிராஜாவின் முதற்படமாகிய ‘16 வயதினிலே’ (1977) வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 14. பதினாறு வயது மயிலாக அவர் நடித்தார். கிராமத்தை ஸ்டுடியோவிற்கு வெளியே கொண்டுசென்ற படம் என்றும், சப்பாணியாகக் கமல்ஹாசனும் பரட்டையாக ரஜினிகாந்தும் நடித்த படம் என்றும் இதனைப் பலரும் பேசியுள்ளனர். மயிலின் கனவு என்ன என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

மயில் ஆசிரியையாக விரும்புகின்றாள். பத்தாம் வகுப்பில் தேறிய பெண் அவள். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் வாய்ப்பும் அவளைத் தேடி வருகின்றது. நகரத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவன்மீது கொண்ட காதலால் அவள் அதனைக் கைவிடுகின்றாள். கதையின் துன்பம் முழுவதும் அந்த ஒரு மறுப்பிலிருந்தே பெருகுகின்றது. மருத்துவன் அவளைக் கைவிடுகின்றான், ஊர் பழிக்கின்றது, தாய் இறக்கின்றாள், சப்பாணி ஒருவனே துணையாகின்றான். இறுதியில் அவனும் சிறை செல்ல, மயில் தொடர்வண்டி நிலையத்தில் அவன் வருகைக்காகக் காத்திருக்கின்றாள்.

பள்ளிப் படிப்பை முறையாகப் பெறாத பதினான்கு வயதுச் சிறுமி, பள்ளியை முடித்துப் பள்ளிக்கே திரும்ப விழையும் பெண்ணாக நடித்தது தற்செயலானதே. பாரதிராஜா அதனைக் கருதிச் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் விமர்சகனுக்குத் தற்செயலும் சான்றே. படிப்பைக் குறித்து மயில் பேசும் இடங்களில் அவள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் கவனித்தல் வேண்டும். தாவணி உடுத்திய பருவப்பெண்ணின் நாணம் இப்படத்தில் நன்கு நடிக்கப்பட்டுள்ளது. கற்றவள் என்னும் பெருமிதமோ நடிப்பு என்று தோன்றாத அளவிற்கு இயல்பாக உள்ளது. தம்மிடம் இல்லாத ஒன்றின் மதிப்பை அறிந்தவரே அதனை அவ்வாறு சுமக்க இயலும் எனலாம்.

மடந்தை நடித்த பேதை

பாலுமகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய ‘மூன்றாம் பிறை’ 1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலுமகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும், ஸ்ரீதேவிக்குச் சிறந்த நடிகைக்கான தமிழக அரசின் விருதையும் இப்படம் பெற்றுத்தந்தது.

பாக்கியலட்சுமி என்னும் இளம்பெண் வாகன விபத்தில் நினைவிழந்து, மனத்தளவில் சிறு குழந்தையாகிவிடுகின்றாள். பாலியல் தொழில் நடக்கும் வீடொன்றில் சிக்கிய அவளைச் சீனு மீட்டு, உதகைக்கு அருகிலுள்ள கேத்திக்கு அழைத்துச் சென்று, விஜி என அழைத்துக் காக்கின்றான். சீனு ஒரு பள்ளி ஆசிரியன். ஆசிரியப் பயிற்சியைக் கைவிட்ட மயிலுக்குப்பின், ஓர் ஆசிரியனின் வீட்டில் குழந்தையாக வளரும் விஜி வருகின்றாள்.

அப்போது ஸ்ரீதேவிக்கு வயது 18. பருவக் கணக்கில் மடந்தை பேதையாக நடிக்கின்றாள். ‘பேதை’ என்னும் சொல்லுக்குப் பருவப்பெயர் என்னும் பொருளோடு அறியாமையுடையவள் என்னும் பொருளும் உண்டு. இவ்விரு பொருளும் விஜியிடம் ஒன்றுகின்றன.

விஜியின் நடிப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. ஈடற்ற நடிப்பு என்பர் பலர். குழந்தைத்தனம் மிகையாக உள்ளது என்பர் சிலர். நாம் மூன்றாவதொரு கருத்தை முன்வைக்க விரும்புகின்றோம். விழிகளை அகல விரித்தல், தலையை ஒருபுறம் சாய்த்தல், உதட்டைப் பிதுக்கிச் சிணுங்குதல், சொற்களை விரைந்து கொட்டுதல் முதலிய விஜியின் மெய்ப்பாடுகள் தெருவில் விளையாடும் குழந்தையிடம் காணப்படுவதைவிட, அறுபதுகளின் திரைப்படக் குழந்தையிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன. ஸ்ரீதேவி இங்கு நினைவுகூர்வது குழந்தை நட்சத்திரத்தின் நடிப்பிலக்கணத்தை. குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் உடல் நன்கறிந்த மொழி அதுவே எனக் கருத இடமுண்டு. மிகை என்று சிலர் கண்டது உண்மையே. ஆனால் அது குறையன்று. குழந்தையாக இருத்தலும் குழந்தையாக நடித்தலும் ஒன்றாகிப்போன ஒரு வாழ்வின் தடம் அது.

இதனோடு படத்தின் அறச்சிக்கலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளர்ந்த உடலும் குழந்தை மனமும் உடைய பெண்ணைச் சீனு எவ்வாறு நோக்குகின்றான் என்பதே படத்தின் உள்ளார்ந்த வினா. அவன் தாயாகவும் தந்தையாகவும் ஆசிரியனாகவும் காதலனாகவும் மாறி மாறி நிற்கின்றான். படம் அவனுடைய கட்டுப்பாட்டினைப் போற்றுகின்றது. ஆனால் அவளுடைய அறியாமையின் அழகில் தானும் திளைக்கின்றது. பேதையையும் காதலின் வரிசையில் நிறுத்திய உலாப் புலவரின் பார்வைக்கும் பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவுக் கருவியின் பார்வைக்கும் உள்ள உறவு இங்குப் புலனாகின்றது. அப்பார்வையின் கீழ்ச் சிறுவயது முதல் நின்ற ஒருவரே விஜியாக நடிக்கின்றார் என்பது இப்படத்திற்கு அதன் இயக்குநரும் எண்ணியிராத ஆழத்தைத் தருகின்றது.

இறுதிக்காட்சி பலராலும் பேசப்பட்டது. சிகிச்சையால் குணமடைந்த பாக்கியலட்சுமிக்கு விஜியாக வாழ்ந்த நாள்கள் நினைவில் இல்லை. கேத்தித் தொடர்வண்டி நிலையத்தில், அடிபட்ட உடலுடன் ஓடிவரும் சீனு, அவளை மகிழ்விக்கத் தான் முன்பு செய்த குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகின்றான். அவளோ அவனைப் பிச்சைக்காரன் என எண்ணுகின்றாள். வண்டி நகர்கின்றது. ‘16 வயதினிலே’ படத்தில் நிலையத்தில் காத்து நின்றவர் ஸ்ரீதேவி. இங்கு நிலையத்தில் கைவிடப்படுபவர் கமல்ஹாசன். முன்னாள் குழந்தை நட்சத்திரங்கள் இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சி இது. ஒருவர் அறிந்தேற்கப்படுவதற்காகக் குழந்தையைப்போல் ஆடுகின்றார். மற்றவர் தம் குழந்தைக்காலத்தை முற்றும் மறந்தவராய்ச் சன்னலோரம் அமர்ந்திருக்கின்றார். சீனுவின் துயரம் நம் கண்களை நிறைப்பதால், பாக்கியலட்சுமியின் இழப்பை நாம் காணத் தவறுகின்றோம். அவளிடமிருந்தும் ஒரு காலம் பறிபோயிருக்கின்றது. அது பறிபோனது என்பதையும் அவள் அறியாள்.

பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

எண்பதுகளில் ஸ்ரீதேவி இந்தித் திரையுலகில் முன்னணி நாயகியாக விளங்கினார். தொடக்ககாலத்தில் அவருடைய இந்திப் படங்களுக்குப் பிறர் பின்னணிக் குரல் வழங்கினர். அவர்களுள் ஒருவர் நாஸ். ‘பூட் பாலிஷ்’ (1954) படத்தில் ‘பேபி நாஸ்’ என அறியப்பட்டு, கான் திரைப்பட விழாவில் சிறப்புக் குறிப்புப் பெற்ற குழந்தை நட்சத்திரம் அவர். முன்னாள் குழந்தை நட்சத்திரம் ஒருவரின் உருவத்திற்கு முன்னாள் குழந்தை நட்சத்திரம் மற்றொருவர் குரலானார். வளர்ந்தபின் ஒருவர் திரையின் நடுவில் நிற்க, மற்றவர் திரைக்குப் பின்னே செல்கின்றார். குழந்தைப் பருவப் புகழ் பின்னாளுக்கு உறுதியளிப்பதன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது. ‘சாந்தினி’ (1989) படத்திலேதான் ஸ்ரீதேவி இந்தியில் தம் சொந்தக் குரலில் பேசினார் என்பர். மொழி கற்றல் அவருக்குத் தொழிலின் நடுவே, வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தது.

1997ஆம் ஆண்டின் ‘ஜுதாயி’க்குப்பின் அவர் திரைப்படத்திலிருந்து விலகி இல்லறத்தில் ஈடுபட்டார். பதின்பருவத்தில் கிடைக்க வேண்டிய இடைவெளி முப்பத்து நான்காம் அகவையில் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ (2012) படத்தில் நாயகியாக மீண்டார். அப்படம் தமிழிலும் வெளிவந்தது.

அதில் அவர் ஏற்ற சசி, இலட்டு செய்து விற்கும் இல்லத்தரசி. ஆங்கிலம் அறியாதவள் என்பதால் கணவனும் மகளும் அவளைக் கேலி செய்கின்றனர். உறவினர் திருமணத்திற்காக நியூயார்க் செல்லும் அவள், யாரிடமும் கூறாமல் நான்கு வாரகால ஆங்கில வகுப்பில் சேர்கின்றாள். இங்கு ஸ்ரீதேவி முதன்முறையாக ஒரு முழுமையான மாணவியாகத் திரையில் தோன்றுகின்றார். தயங்கித் தயங்கி வகுப்பிற்குள் நுழைதல், இடம் தேடி அமர்தல், வீட்டுப்பாடம் செய்தல், ஆசிரியர் பாராட்டும்போது முகம் மலர்தல் ஆகிய எளிய செயல்களே படத்தின் உயிர்நிலை. விஜியிடம் கண்ட அகன்ற விழிகள் இங்கும் உள்ளன. ஆனால் அவை குழந்தையின் வியப்பைக் காட்டவில்லை, கற்பவளின் கவனத்தைக் காட்டுகின்றன. இறுதித் தேர்வு நாளும் திருமண நாளும் ஒன்றாகிவிடுகின்றன. செய்துவைத்த இலட்டுகள் கொட்டிப்போகவே, அவற்றை மீண்டும் செய்வதற்காகத் தேர்வைத் துறக்கின்றாள் சசி. மயில் காதலுக்காகக் கைவிட்ட கல்வியைச் சசி இல்லத்திற்காகக் கைவிடுவாள் போலும் என்று நாம் அஞ்சும்போது, திருமண அவையில் அவள் ஆங்கிலத்தில் ஆற்றும் உரையே தேர்வாகிவிடுகின்றது.

ஸ்ரீதேவிக்கு அப்போது அகவை 49. உலா நூல்களின் பருவ வரிசை நாற்பதில் முடிகின்றது. அதற்கு மேற்பட்ட பெண்ணைக் குறிக்க அவ்வரிசையில் பெயரில்லை. பார்ப்பவனின் கணக்கில் இடமில்லாத அவ்வகவையில்தான் ஸ்ரீதேவியின் முகம் பிறருடைய பார்வைக்காக அன்றித் தன் பொருட்டே மலர்வதை நாம் காண்கின்றோம். பின்னர் ‘மாம்’ படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது 2018ஆம் ஆண்டு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதனைப் பெற அவர் உயிரோடு இல்லை.

முடிவுரை

திரைப்படக் குழந்தைகளைக் காப்பதற்குச் சட்டங்கள் தோன்றியுள்ளன. சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தம் குழந்தைப் பருவ வருமானத்தைத் தாயும் மாற்றுத்தந்தையும் செலவிட்டதற்காக வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு விதிகள், குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் பணியாற்றலாகாது என்றும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேல் தொடரலாகாது என்றும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இடப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. கல்வி தடைப்படாதிருக்கவும் அவை வழி கூறுகின்றன. இவை ஸ்ரீதேவியின் காலத்தில் இல்லாத நன்மைகள். பணத்தையும் நேரத்தையும் சட்டம் அளக்கவல்லது. பருவத்தை அளப்பதற்கு அதனிடம் கோலில்லை.

அந்த அளவுகோல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமுமே இருத்தல் வேண்டும். மேடையில் அச்சமின்றிப் பேசும், பாடும், ஆடும் குழந்தையைக் கண்டு மகிழ்பவர்கள் நாம். போட்டிகளுக்கு அக்குழந்தையையே மீண்டும் மீண்டும் அனுப்புபவர்களும் நாமே. வயதுக்கு மீறிய திறமை என்று பாராட்டும்போது, மீறப்பட்ட அந்த வயது எங்குச் சென்றது என்று நாம் கேட்பதில்லை. திறமையான குழந்தைக்கும் சில ஆண்டுகள் எவருடைய பார்வைக்கும் உரியதாக இல்லாமல், தவறு செய்யவும் சலிப்படையவும் ஒன்றும் செய்யாதிருக்கவும் உரிமையுண்டு. பெதும்பை என்று நம் முன்னோர் பெயரிட்டு ஒதுக்கிவைத்த இடம் அதுவே.

ஸ்ரீதேவியின் படங்களை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் மயிலையும் விஜியையும் சசியையும் ஒருசேர வைத்துக் காட்டுதல் நலம். ஆசிரியையாக விரும்பிய பெண், ஆசிரியனின் வீட்டில் குழந்தையான பெண், ஆசிரியர் முன் மாணவியாக அமர்ந்த பெண் என மூவரும் ஒருவரே. முதலிரு படங்களுக்கும் மூன்றாவதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கடந்தன. பள்ளியின் வாயிலிலிருந்து அதன் இருக்கைக்குச் செல்ல அவருக்கு அத்தனை காலம் தேவைப்பட்டது.